மீசையில் ஒட்டாத மண்

என் மாமனார் விழுந்த வீடியோ இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டீக்கடையைத் தாண்டும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ யாராவது ஒருவர் போனில் அது ஓடும். நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, சத்தமே போதும். முதலில் தடால் என்று இரும்புச் சத்தம். பிறகு பிள்ளைகளின் கூச்சல். அந்தக் கூச்சலுக்கும் மேலே, மைக் வழியாக, ஊருக்கே கேட்கும்படி ஒரு பெண்ணின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னுடையது.

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிரிக்காத டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறந்த வீட்டிலேயே எனக்கு அந்தப் பெயர்தான். எதிரே எவ்வளவு பெரிய கூத்து நடந்தாலும் நான் பாட்டுக்கு உம்மென்று உட்கார்ந்திருப்பேன். கர்வம் எல்லாம் இல்லை. எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வராது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் வாக்கப்பட்டது ஒரு சினிமா காமெடியன் வீட்டில். கடவுளுக்குக் குசும்பு அதிகம்.

மாமனாரின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், அட இந்த ஆளா என்பீர்கள். பழைய படங்களில் கதாநாயகன் ஓர் அறை விட்டதும் பொரி மூட்டைக்குள் போய் விழுவாரே, அவர். சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து வெள்ளையாக எழுந்து வருவாரே, அவர். ஏணி சாய்ந்தால் ஏணியோடு, கிணற்றுக் கயிறு அறுந்தால் வாளியோடு, மாடு முட்டினால் வைக்கோல் போரோடு போவார். எழுத்து போடும்போது எல்லார் பெயரும் வந்து முடிந்த பிறகு 'மற்றும் பலர்' என்று ஒரு வரி வருமே, அதில்தான் இவர் இருந்தார். "என் முழுப்பேரே மற்றும் பலர்தாம்மா" என்று சொல்லிக்கொள்வார்.

சினிமாவுக்குப் போன கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நெல் லாரியில் மூட்டை தூக்கும் ஆளாக மெட்ராஸ் போனவர். வழியில் ஷூட்டிங் என்று லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க மூட்டை மேல் ஏறி நின்றவர் கால் வழுக்கிக் கீழே விழுந்து, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மீசையைத் தடவிவிட்டுக்கொண்டாராம். டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி வுழுப்பா" என்றாராம். இதுதான் கதை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த லாரி கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போகும். கடைசியாகச் சொன்னபோது தென்னை மர உயரத்துக்கு வந்திருந்தது.

அந்த மீசைதான் அவருக்குச் சோறு போட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வோமே, அதையே வசனம் எழுதுகிறவர் ஒருவர் இவருக்குத் தொழிலாக்கிக் கொடுத்துவிட்டார். குப்புற விழுவார். கொஞ்ச நேரம் அசைவு இருக்காது. பிறகு தலை மட்டும் நிமிரும், கை மீசைக்குப் போகும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவும். "ஒட்டல" என்பார். கொட்டகை அதிரும். அத்தனை வருஷ சினிமாவில் அவருக்குக் கிடைத்த வசனம் அந்த ஒற்றைச் சொல்தான். கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் ஜனங்கள் அதைத்தான் கேட்டார்கள்.

என் மாமியார் இருந்தவரை அவருடைய ஒரு படத்தையும் பார்த்ததில்லை. "கட்னவன் அடி வாங்கறத காசு குடுத்து வேற போய் பாக்கணுமா?" என்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் மாமா நடிக்காமல் சிரிப்பார்.

என் பிறந்த ஊரான தாமலில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா உட்காரப் போகிற நாற்காலியைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. உட்காரப் போனவர், நாற்காலி வழுக்கிய மாதிரி ஒரு சரிவு சரிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்று, நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் காபித் தட்டோடு அப்படியே நின்றேன். அவர் என்னையே பார்த்தார். பின்னால் என் கணவரிடம், "பொண்ணு நல்லா கீதுடா, ஆனா பாஸ் மார்க் போடல" என்றாராம்.

அன்று முதல் என்னைச் சிரிக்க வைப்பது அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. சினிமா நின்றுபோய் ஊரோடு வந்துவிட்டவருக்கு வேறு வேலையும் இல்லை. நிலையைத் தாண்டும்போது தடுக்குவார், கையில் இருக்கும் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது. துணி காயும் கொடியில் மாட்டிக்கொண்டு புடவையோடு சுற்றுவார். நான், "மாமா, தோச்ச துணி" என்பேன். அவர் முகம் சுருங்கிப்போகும். மறுநாள் வேறு ஏதாவது கொண்டுவருவார். சில நாள் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்ததுண்டு. காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தடவை சிரித்துவிட்டால் பிறகு வீடு முழுக்க விழுந்துகொண்டே இருப்பார் என்று பயந்தேனோ என்னவோ. என் கஞ்சத்தனம் இப்போது என்னை அறுக்கிறது.

இத்தனை வருஷம் கூடவே இருந்ததில் அவருடைய தொழிலில் ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. விழுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார். வீட்டு வாசலில் சும்மா விளையாட்டுக்குத் தடுக்கும்போதுகூட, பார்த்தால் கால் வெறுங்காலாக இருக்கும். "செருப்பு போட்டுக்கினு வுழறவன் செத்தான். கால்வெரலு தரைய புடிக்கணும். என் செருப்பு ஓரமா நின்னாத்தான் கேமராவே ஓடும்" என்பார். படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, கால்வரைக்கும் யார் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் எனக்குத் தெரியும்.

போன முறை பள்ளி ஆண்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டேன். வழக்கமாக என் பள்ளிக்கூடத்துக்குக் கவுன்சிலர் வருவார், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், பிள்ளைகள் தூங்கும். இந்த முறை நம் வீட்டிலேயே ஒரு நடிகர் இருக்கிறாரே என்று தோன்றியது. கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"வுழணுமாம்மா?"

"இல்ல மாமா. பேசுங்க."

"பேசவா? நானா?"

"நீங்கதான்."

அந்த வயது வரைக்கும் அவரை யாரும் மேடையில் பேசக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை. பம்ப்செட் கொட்டகையில் போய் நின்று பேசிப் பழகினார். மோட்டார் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தார். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடப் போனேன். நான் போன நேரம் கரண்ட் போய் மோட்டார் நின்றது. உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. "கொழந்தைங்களா, இன்னிக்கு தாத்தா வுழமாட்டேன். இத்தினி வருசம் வுழுந்த கதைய நின்னுக்கினு சொல்லப்போறேன்." நான் கூப்பிடாமல் வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குள் நான் செய்யக் கூடாததைச் செய்து முடித்திருந்தேன். காலை வழிபாட்டில் பிள்ளைகளிடம், "ஆண்டு விழாவுக்கு யார் வராங்க தெரியுமா? டிவியில பொரி மூட்டைல வுழுவாரே, அவரு. நம்ம மேடையிலயும் வுழுவாரு" என்று சொல்லியிருந்தேன். சொன்னதும் அவர்கள் போட்ட சத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிக்காத டீச்சருக்கு அப்படி ஒரு வரவேற்பு அதுவரை கிடைத்ததில்லை. பம்ப்செட்டில் அவர் பேச்சைக் கேட்ட பிறகாவது பிள்ளைகளிடம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டால் அவர் விழாமல் போய்விடுவாரா, கலைஞன்தானே என்று நினைத்துக்கொண்டேன். விழட்டும் என்றுதான் இருந்தேன். அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

மேடை என்றால் எங்கள் ஊரில் டிராக்டர் ட்ரெய்லர்தான். பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு, மேலே ஜமக்காளம் விரித்து, பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினால் மேடை. ட்ரெய்லர் எங்களுடையது. என் கணவர்தான் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். பகலெல்லாம் வெயிலில் நின்றதில் இரும்பு கொதித்தது. மாமாவுக்கு விழாவுக்காகப் புது வேட்டியும் புதுச் செருப்பும் நான் வாங்கிக் கொடுத்திருந்தேன். மேடை ஏறும் இடத்தில் அவர் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"வேணாம் மாமா, இரும்பு சுடும். போட்டுக்கினே ஏறுங்க. நீங்க இன்னிக்கு விருந்தாளி."

குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அதுவும் சரிதான். இன்னிக்குதான் வுழப்போறது இல்லயே" என்றார்.

ஏறினார். நான் மைக்கில் அறிமுகம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கும்பிட்டபடியே மைக்கைப் பார்த்து நடந்து வந்தார். நடுவில் ஜமக்காளம் ஒரு மடிப்பு விழுந்து கிடந்தது. புதுச் செருப்பின் முனை அதில் மாட்டியது. அடியில் வழவழப்பான இரும்பு, ஜமக்காளம் அவரோடு சேர்ந்து நழுவியது. பக்கவாட்டில் போய்த் தடால் என்று விழுந்தார். ஒரு செருப்பு பறந்து முதல் வரிசைப் பிள்ளைகள் நடுவில் போய் விழுந்தது.

சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கையில் மைக் இருப்பதே தெரியாமல் சிரித்தேன். முதலில் வந்த சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை, அது தானாக வந்தது. ஆனால் செருப்பு பறந்ததை நான் பார்த்தேன். அவர் செருப்போடு விழமாட்டார் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்து, டீச்சரே சிரிக்கிறாங்க என்று இன்னும் கத்தினார்கள். எனக்கு அது இனித்தது.

கீழே கிடந்தவர் தலையை மட்டும் நிமிர்த்தினார். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை மீசைக்குப் போனது. "ஒட்டல" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தக் கைதட்டலுக்குள்தான் என் கணவர், "நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அதுவரை நான் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வாக்கர் பிடித்துத்தான் இனி நடை என்றார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நான் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டேன். வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன், பெட் பேன் எடுத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பெத்த பொண்ணு கூட இப்டி செய்யாது" என்று என்னைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. அவரையும் புகழ்ந்தார்கள். "இடுப்பு ஒடிஞ்சும் ஒட்டலன்னாரு பாரு, அவருதான்யா ஆர்ட்டிஸ்ட்டு" என்றார்கள். அவர் கும்பிட்டுக்கொண்டார்.

ஒரு நாள் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது தாங்காமல் சொல்லிவிட்டேன். "மாமா, நீங்க வுழுவீங்கன்னு பசங்க கிட்ட நான்தான் சொல்லி வச்சேன்."

"தெரியும்மா. மைக் செட்டுக்காரன் வந்து கேட்டானே, பெரியவரே, எந்தப் பக்கம் வுழுவீங்க, ஸ்டாண்ட தள்ளி வைக்கணும்னு."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"நீ பேசச் சொன்னியே" என்றார். வாயைத் திறந்து அடுத்த வாய்க்குக் காத்திருந்தார். என் கையில் சோறு அப்படியே இருந்தது.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு என்ன பேசுவதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "வுடும்மா, மறந்துட்டேன்" என்றார். மறந்திருக்கமாட்டார். ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு வசனம் கிடைக்காத மனிதர், கிடைத்த ஒரு பேச்சை எப்படி மறப்பார்?

வாக்கர் பிடித்து நாலு எட்டு நடக்க ஆரம்பித்த பிறகு அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார். என் கணவர் வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, வாத்தியார் நோட்டுத் திருத்துகிற மாதிரி பார்த்தார்.

"சீ, இன்னா மாரி வுழுந்துகிறான் கெயவன். தலை முன்னாடி போவுது பாரு. கை எங்க, கை?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுபடி ஓடவிட்டார். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை, காதைக் கிட்டே கொண்டுபோனார். நான் அடுப்படிக்கு நழுவப் பார்த்தேன்.

"இரும்மா. இந்த சிரிப்பு யாருது? உன்னுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் மாமா" என்றேன். அழுகை வந்தது. "தெரிஞ்சேதான் மாமா சிரிச்சேன். செருப்பு பறந்தத பாத்துட்டேன்" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்த வூட்டுக்கு நீ வந்து இத்தினி வருசம் ஆவுது. இன்னிக்குதாம்மா உன் சிரிப்ப கேக்கறேன். இவ்ளோ நல்லா கீதே" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அவர் கட்டிலை விட்டு எழுந்து வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில், டாக்டர் வீட்டுக்குள்ளும் போடச் சொல்லியிருந்த செருப்பு இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, வேணாம்" என்று ஓடினேன்.

அதற்குள் வாக்கர் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். மெத்தையில்தான் விழுந்தார், பழைய தொழில்காரர் இடம் பார்த்துத்தான் விழுந்தார். தலையணை எகிறியது, கால் ஒன்று மேலே போய் இறங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு தலை மட்டும் நிமிர்ந்தது. என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுத்துப் பார்த்தேன், உதடு கோணியதே தவிர சத்தம் வரவில்லை. அந்தத் தடால் சத்தம்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. பொய்யாகவாவது சிரித்துவிடலாம் என்றால், பொய்ச் சிரிப்பும் நிஜச் சிரிப்பும் எது எது என்று அவருக்குத் தெரியாதா? நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"அவ்ளோ மோசமாவாம்மா வுழுந்தேன்?" என்று கேட்டார்.

"இல்ல மாமா" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெல்லத் தூக்கி மீசையை இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒட்டிக்கிச்சும்மா" என்றார்.